கப்பலை ஏமாற்றிய காந்த ஊசி

1854ஆம் ஆண்டு சனவரி மாதம் 19ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து லிவர்பூல் துறைமுகத்திலிருந்து 'டெய்லர்' என்னும் புதுக் கப்பலொன்று அவுஸ்திரேலியாவிலுள்ள மெல்பேண் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதுவே அக்கப்பலின் முதற் பயணம். அந்நாளில் எங்கும் வழங்கிய மரக்கலமன்று அது. இரும்பினாற் கட்டப்பட்ட பெரிய பாய்க்கப்பல். பொன் விளையும் புதிய நாட்டிற் குடியேறி வாழலாமென்ற நம்பிக்கையுடன் ஏறத்தாழ 650 பேர் அதில் ஏறியிருந்தனர். மனைவி மக்களோடு சென்றவர் பலர்.

புறப்பட்ட மூன்றாம் நாள். காற்று மிகுந்திருந்தது, வானம் மூடியிருந்தது. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் தெற்கு நோக்கிச் செல்வதாகவே கப்பலிலிருந்தோர் எண்ணியிருந்தனர். உண்மையில் அது மேற்கே அயர்லாந்துக் கரையை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. டப்ளின் நகருக்கு அண்மையிலுள்ள லாம்பே என்னும் சிறு தீவின் பாறைகள் கண்ணெதிரே தோன்றியபோதுதான் உண்மை புலப்பட்டது. திருப்ப முயன்றனர், அத்துணைப் பெரிய கலத்துக்கு அதன் சுக்கான் சிறிதாயிருந்தது. நங்கூரமிட்டனர், சங்கிலிகள் அறுந்தன. பாறையில் மோதிய கப்பல் சிறிது நேரத்துள் அமிழ்ந்தது. ஏறிச் சென்றோரிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுள் உயிர் தப்பியவர் மூவரே.

அக்கப்பலில் திசையறிகருவி இல்லாமலில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. புறப்படுமுன் அவை சீர்செய்யப்பட்டுமிருந்தன. ஆயினும் கடலிற் சென்றபின் அவை ஒன்று ஒரு திசையும் மற்றொன்று வேறு திசையுமாகக் காட்டின. எதனை நம்புவது? மாலுமிகளுட் பலர் பயிற்சியற்றோர். புதுக் கயிறுகள் இறுகிப் பாயை இயக்கவொட்டாது தடுத்தன. கடலின் ஆழத்தை உரிய வேளையில் அளந்து பார்க்கவுமில்லை. இவையெல்லாம் சேர்ந்தே கேட்டை விளைத்தன. எனினும், வழிகாட்ட வைத்த ஊசியே வழிகெடுத்தது என்னும் செய்திதான் கடலோடிகளை உலுக்கியது. வடக்கு நோக்கி நிற்பதே காந்த ஊசியின் இயல்பென்று எமது பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். அஃது அவ்வளவு எளிய செய்தியன்று என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. தையலூசியொன்றை எடுத்து, ஒரு காந்தத்தின் ஒரு முனையால் ஒரே திசையிற் பலமுறை உரோஞ்சுங்கள். பித்தளைக் கிண்ணமொன்றில் நீர் வார்த்து, சிறு தக்கைத் துண்டின்மீது அவ்வூசியைக் கிடத்தி மிதக்கவிடுங்கள். ஊசி மெல்லத் திரும்பி வடக்குத் தெற்காக நிற்கும். இனி அடுக்களையிலிருந்து தேங்காய் துருவும் திருவலையைக் கொண்டுவந்து கிண்ணத்துக்கருகில் வையுங்கள். ஊசி உடனே அசைந்து வேறொரு பக்கம் பார்க்கும். திருவலையை எடுத்தால் மீண்டும் பழைய நிலைக்கு வரும். பாடசாலை ஆய்வுகூடத்திலும் இதே விளையாட்டு நடப்பதுண்டு. இரும்புச் சட்டமிட்ட மேசைமேற் கருவியை வைத்துவிட்டு, 'இது பிழையான கருவி' என்று மாணவர் முறையிடுவர். கருவி பிழையன்று, அது நின்ற இடமே பிழை.

இப்பொழுது அந்தக் கிண்ணத்தைச் சூழ நான்கு புறமும், மேலும் கீழும், ஆயிரக்கணக்கான தொன் இரும்பு இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அதுவே இரும்புக் கப்பல்.

காந்த ஊசியைக் கடலில் முதன்முதற் கையாண்டோர் சீனரே என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1088ஆம் ஆண்டளவில் ஷென் குவா என்னும் சீன அறிஞர் ஊசியைப் பற்றி எழுதினார். 1119ஆம் ஆண்டளவில் ஜூ யூ என்பவர், முகில் மூடிய நாட்களிற் கப்பலோட்டிகள் அவ்வூசியை நோக்குவரெனக் குறித்தார். ஐரோப்பாவில் 1190ஆம் ஆண்டளவிலே அலெக்சாந்தர் நெக்கம் என்பார் எழுதியதே முதற் குறிப்பு. பின்னர் ஊசியின்மேல் வட்ட அட்டையொன்றைப் பொருத்தி, அதனை 32 திசைகளாகப் பகுத்தனர். ஒரு கூறு பதினொன்றேகாற் பாகை. இன்றைய அட்டை 360 பாகையாகப் பகுக்கப்பட்டுள்ளது. கப்பல் எப்பக்கஞ் சாய்ந்தாலும் அட்டை கிடையாக நிற்கும்வண்ணம் ஒன்றனுள் ஒன்றாக இரு வளையங்களில் அதனைத் தொங்கவிட்டனர். கேத்திர கணிதத்தில் வட்டம் கீறும் கவராயத்துக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே பெயர் வழங்குவதால் நம் மாணவர் சிலர் மயங்குவதுண்டு. இரண்டுக்கும் யாதொரு தொடர்புமில்லை.

ஊசி சரியாக வடக்கே நோக்குவதில்லை என்பதும் புதிய செய்தியன்று. ஷென் குவாவே அதனைக் கண்டிருந்தார். புவியின் காந்த முனைவு வேறு, புவி சுழலும் அச்சின் முனைவு வேறு. ஆதலால் இடத்துக்கு இடம் ஊசி மெய்வடக்கிலிருந்து கிழக்காகவோ மேற்காகவோ சிறிது விலகி நிற்கும். இதனை ஈண்டுப் புவி விலகல் என்போம். 1698 முதல் 1700 வரை ஆங்கில அறிஞர் எட்மண்ட் ஹலி, வால்வெள்ளிக்குத் தம் பெயர் வழங்கப்பெற்ற அதே ஹலி, அத்திலாந்திக் கடலிற் சுற்றித் திரிந்து இவ்விலகலை அளந்தார். விலகல் சமமாயுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துப் படமொன்றை 1701இல் வெளியிட்டார். விலகல் காலத்தாலும் மாறும். இலண்டன் நகரில் 1580ஆம் ஆண்டளவிற் கிழக்கே 11 பாகையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே 24 பாகையாயிற்று. 2019இற் கிரினிச்சில் ஊசி மெய்வடக்கையே நோக்கி நின்றது. இலங்கையிலே இவ்விலகல் மேற்கே ஏறத்தாழ இரண்டு பாகை மட்டுமே. அதனாலேதான் போலும் நம்மவர் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

புவி விலகலைப் பற்றி மாலுமிகள் அஞ்சுவதற்கு அதிகமில்லை. கடற்படத்திலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் எவ்வளவு மாறும் என்பதுங் குறிக்கப்பட்டிருக்கும். கூட்டிக் கழித்துக்கொண்டால் முடிந்தது. அச்சத்துக்குரியது இரண்டாவது விலகலே. அது கப்பலிலுள்ள இரும்பினால் நேர்வது. கப்பலுக்குக் கப்பல் வேறுபடுவது. ஒரே கப்பலிலும் அது நோக்குந் திசைக்கேற்ப மாறுவது. இதனைக் கல விலகல் என்போம்.

இதனை முறையாக ஆராய்ந்தவருள் முன்னவர் மத்தியு பிளிண்டர்ஸ் என்னும் ஆங்கிலக் கடற்படையாளர். 1801 முதல் 1803 வரை 'இன்வெஸ்டிகேற்றர்' என்ற மரக்கலத்தில் அவுஸ்திரேலியக் கரைகளை அளந்து படம் வரைந்தவர் அவர். ஒரே இடத்தில் நின்று ஒரே மலைமுனையை நோக்கினாலும், கப்பலின் அணியம் கிழக்கே பார்க்கையில் ஓரளவும் மேற்கே பார்க்கையில் வேறோரளவுமாகத் திசை வருவதை அவர் கண்டார். இன்னொருவராயின் தம் கண்ணையோ கருவியையோ நொந்திருப்பார். இவர் அளவுகளை வரிசைப்படுத்திப் பார்த்து, பிழையிலும் ஓர் ஒழுங்கு உண்டெனத் தெளிந்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் மொறீசியசுத் தீவை அடைந்தபோது, அத்தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரர் அவரைச் சிறைப்படுத்தினர். 1803 முதல் 1810 வரை அங்கே கிடந்தார். காந்த ஊசியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1805இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தபோது அவர் சிறையிலேயே இருந்தார். விடுதலையான பின், ஊசிக்கு அருகே செங்குத்தாக ஓர் இரும்புக் கோலை நிறுத்தினால் கப்பலிரும்பின் இழுப்பை ஒருவாறு ஈடுசெய்யலாமென எடுத்துக் காட்டினார். 1814இல் தம் பயணநூல் வெளிவந்த மறுநாள் இறந்தார். இலண்டனில் அவரது கல்லறை இருந்த இடமே மறைந்துபோய், 2019இல் இருப்புப்பாதை வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோதுதான் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. 2024இற் பிறந்த ஊரிலே மீண்டும் அடக்கஞ் செய்தனர்.

பிளிண்டர்ஸ் சென்றது மரக்கலம். அதிலிருந்த இரும்பு பீரங்கிகளும் ஆணிகளும் நங்கூரமுமே. கலம் முழுவதும் இரும்பாயின் என்னாகும்? 1838இல் அரச வானியலாளர் ஜோர்ஜ் ஏரி என்பவர் 'றெயின்போ' என்னும் இரும்பு நீராவிக் கப்பலை ஒவ்வொரு திசையாகத் திருப்பித் திருப்பி ஊசியின் போக்கை அளந்தார். ஊசி பெரிதும் பிறழ்ந்தது. அவர் கணித்த முறை இதுவே: கப்பலின் இரும்பு ஊசியை ஒரு பக்கமாக இழுக்குமாயின், அவ்விழுப்புக்குச் சமமாக எதிர்ப்பக்கம் இழுக்கும்படி சிறு காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் கருவிக்கு அருகில் வைத்தல் வேண்டும். நஞ்சுக்கு நஞ்சே மருந்து என்பது போன்ற முறை. செய்து பார்த்தார், ஊசி திருந்தியது.

இதனை எதிர்த்தெழுந்தவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி. இவர் வரலாறு விந்தையானது. இளமையில் தந்தையுடன் வடதுருவக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குச் சென்று, பின் தாமே கப்பற்றலைவராகி, அதன்பின் கடலைத் துறந்து கிறித்தவ குருவானவர். குருவான பின்னும் காந்த ஆராய்ச்சியை விட்டாரல்லர். அவர் கூறிய நியாயத்தை விளங்கிக்கொள்ள இன்னொரு சோதனை வேண்டும்.

இரும்புக் கோலொன்றை வடக்குத் தெற்காகக் கிடத்திச் சுத்தியலாற் பலமுறை தட்டுங்கள். அக்கோல் மெலிந்த காந்தமாகிவிடும். கிழக்கு மேற்காக வைத்துத் தட்டினால் அக்காந்தம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆங்கிலேயர் எழுதிய பழைய பாடநூல்கள், கோலை வடக்கு நோக்கிச் சரித்துப் பிடித்துத் தட்டுமாறு கூறும். அந்நாட்டிற் புவிக்காந்தத்தின் இழுப்பு நிலத்தினுள் ஆழச் சாய்ந்திருப்பதால் அவ்வாறு கூறினர். நம் நாட்டிலோ கோலைக் கிடையாக வைத்தலே முறை. காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அண்மையாகச் செல்வதால் இங்கே புவிக்காந்தத்தின் இழுப்பு ஏறத்தாழ முற்றுங் கிடையாகவே உள்ளது. நூலிற் கண்டவாறே சரித்துப் பிடித்துத் தட்டிவிட்டு, 'சோதனை சரிவரவில்லை' என்று கைவிட்ட மாணவரை நாம் கண்டதுண்டு.

கப்பல் கட்டுந் துறையிலும் இதுதான் நடக்கின்றது. மாதக்கணக்காக ஒரே திசை நோக்கிக் கிடக்கும் இரும்புடலில் ஆயிரமாயிரம் தறையாணிகளை அடித்து இறுக்கினர். ஒவ்வோரடியும் அவ்வுடலைச் சிறிது சிறிதாகக் காந்தமாக்கியது. கடலில் இறங்கும்போதே கப்பல் ஒரு பெருங்காந்தம். ஸ்கோர்ஸ்பி கேட்டதாவது: சுத்தியலடியாற் புகுந்த காந்தம் அலையடியால் மாறாதா? வேறொரு திசை நோக்கிச் செல்லும் புதுக் கப்பலை அலைகள் இரண்டு நாட் புடைத்தாற் போதும். துறைமுகத்திலிருந்தபோது இருந்த காந்தம் இராது. அப்பொழுது ஏரி வைத்த சிறு காந்தங்கள் இல்லாத பகையோடு போரிட்டு ஊசியை மறுபக்கம் இழுக்கும். திருத்தாத ஊசியைவிடத் திருத்திய ஊசியே தீயதாகும். டெய்லர் கப்பலுக்கு நேர்ந்தது இதுவே என்றார் ஸ்கோர்ஸ்பி. ஏரி உடன்படவில்லை. பத்திரிகைகளில் வாதப்போர் மூண்டது.

தம் கூற்றை நிலைநாட்டுவதற்காக ஸ்கோர்ஸ்பி தமது 66ஆம் வயதில், 1856இல், 'றோயல் சாட்டர்' என்னும் இரும்புக் கப்பலில் மனைவியோடு அவுஸ்திரேலியாவுக்குப் பயணமானார். காந்த நடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்லச் செல்லக் கப்பலிரும்பின் காந்தம் மாறுவதை நாடோறும் அளந்தார். செங்குத்தான இரும்பின் மேல்முனை, தென்கடலிற் போனதும் தன் இயல்பை முற்றாக மாற்றிக்கொண்டது. அவர் முன்னரே கூறியவாறு நிகழ்ந்தது. பயணத்தால் உடல் தளர்ந்தவர், ஊர் திரும்பி 1857இல் இறந்தார். அவர் சென்ற அந்தக் கப்பலும் 1859இல் வேல்ஸ் கரையிற் கொடும் புயலில் உடைந்து, நானூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அது புயலின் செயல், ஊசியின் குற்றமன்று.

இருவருள் யார் கூறியது சரி? எமக்குத் தோன்றுவது, இருவரும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கண்டனர் என்பதே. ஊசியை இரும்பினின்று விலக்கிப் பாய்மரத்தின் உச்சியில் வைக்கவேண்டுமென்றார் ஸ்கோர்ஸ்பி. உயரத்தில் ஆடும் மரத்திலே ஏறி ஏறிப் பார்ப்பது எல்லாக் கப்பலுக்கும் இயலுமா? ஏரியின் சிறு காந்தங்களே இன்றுவரை நிலைத்துள்ளன. ஆனால் ஒருமுறை திருத்திவிட்டு மறந்துவிடலாகாது, பயணந்தோறும் சோதித்தல் வேண்டுமென்ற ஸ்கோர்ஸ்பியின் எச்சரிக்கையும் அவற்றோடு சேர்ந்தே நிலைத்துள்ளது.

இவ்விரு பாதிகளையும் ஒரே கருவியில் இணைத்தவர் வில்லியம் தொம்சன். பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்டவர் அவரே. 'குட் வேர்ட்ஸ்' என்னும் குடும்பத் திங்களிதழின் ஆசிரியர், கப்பற் திசையறிகருவியைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளங்கும் ஒரு கட்டுரை எழுதித் தருமாறு அவரைக் கேட்டிருந்தார். 1874இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. எழுத எழுதத் தமக்கு அப்பொருள் போதிய அளவு தெரியாதென்பதை அவர் உணர்ந்தார். இரண்டாம் பகுதி வெளிவந்தது 1879இலேயே! இடையிற் கழிந்த ஐந்தாண்டும் அவர் கற்றுக்கொண்டிருந்தார். கற்றதோடமையாது புதிய கருவியொன்றையும் ஆக்கி 1876இற் காப்புரிமை பெற்றார். இக்கட்டுரையை எழுதும் எமக்கு இதனை நினைக்குந்தோறும் சற்று நாணமுண்டாகின்றது.

தொம்சனின் அட்டை மிக இலேசானது. மெல்லிய அலுமினிய வளையமொன்று. பட்டுநூல்களில் தொங்கும் எட்டுச் சிற்றூசிகள். பாரமான பெரிய ஊசிகளே பழைய கருவிகளில் இருந்தன. ஊசி சிறிதாயிருப்பதால் அதனைத் திருத்தச் சிறு காந்தங்களே போதுமாயின. கருவியைத் தாங்கும் பீடத்தினுள் காந்தக் கோல்களை நெடுக்காகவும் குறுக்காகவும் வைக்கத் தட்டுகளிருந்தன. இருபுறமும் மெல்லிரும்புக் குண்டுகள் இரண்டு. முன்புறத்திற் செங்குத்தாக நின்றது பிளிண்டர்ஸ் கண்ட இரும்புக்கோல். 1889இற் பிரித்தானியக் கடற்படை இக்கருவியை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அட்டையை மதுசாரங் கலந்த நீரில் மிதக்கவிடும் கருவிகள் அதன் இடத்தைப் பிடித்தன. பீடமும் குண்டுகளும் கோலும் மாத்திரம் மாறவில்லை. பழைய கப்பற் படங்களிற் சுக்கான் சக்கரத்துக்கு முன்னே, இரு தோள்களிலுங் குண்டு சுமந்து நிற்கும் குட்டை மனிதன் போன்ற ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதுவே இப்பீடம்.

செங்குத்துக் கோலின் நீளத்தை எவ்வளவென்று அறிவதில் ஒரு சிக்கலுண்டு. கப்பலில் இறுகிப்போன காந்தமும் செங்குத்திரும்பிற் புவியால் ஏறும் காந்தமும் ஒரே வகையாக ஊசியை இழுப்பதால், எது எவ்வளவென்று துறைமுகத்திற் பிரித்தறிய இயலாது. காந்த நடுக்கோட்டிலே செங்குத்திரும்பில் புவிக்காந்தம் ஏறாது. அங்கே எஞ்சி நிற்கும் இழுப்பு கப்பலின் சொந்தக் காந்தமே. ஆகவே, அக்கோட்டின்மேல் ஊசியைச் சோதித்தல் மிகப் பயனுடையது. ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயம் வருங் கப்பல்கள் இலங்கையை அணுகும்போது அந்த எல்லையிலேயே நிற்கின்றன.

இனி, திருத்திய ஊசியைக் கொண்டு செய்வது யாது? கப்பலை ஒரு திசையிற் செலுத்துவது ஒன்று. கப்பல் நிற்கும் இடத்தை அறிவது மற்றொன்று. பின்னதற்கு வேண்டுவது திசைகோள். கருவியின் வட்டத்தின்மேற் சுழலும் வளையமொன்றைப் பொருத்தி, அதிலுள்ள ஆடியினூடாகத் தூரத்துப் பொருளை நோக்குவர். பொருளும் அட்டையின் எண்ணும் ஒரே பார்வையிற் தெரியும். தேவேந்திரமுனை வெளிச்சவீட்டை எடுத்துக்கொள்வோம். 1889இற் கட்டப்பட்டது; 49 மீற்றர் உயரமுடையது; இலங்கையின் வெளிச்சவீடுகளுள் மிக உயர்ந்தது. அது நேர் வடக்கே தெரியுமாயின், கப்பல் அதற்கு நேர் தெற்கே எங்கோ நிற்கின்றது என்பது துணிபு. கடற்படத்தில் அவ்வெளிச்சவீட்டிலிருந்து தெற்கே ஒரு கோடு கீறுவர். அதே வேளையிற் காலி வெளிச்சவீடு வடமேற்கே தெரிந்தால் அதிலிருந்து தென்கிழக்கே இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுமிடமே கப்பல் நிற்குமிடம். மூன்றாவது பொருளொன்று கிடைத்தாற் சாலச் சிறப்பு. மூன்று கோடுகளும் ஒரே புள்ளியிற் சந்திப்பது அரிது. சிறு முக்கோணமொன்று தோன்றும். அம்முக்கோணம் பெரிதாயின், எங்கோ பிழையுண்டென்பதை அறிந்து மாலுமி விழித்துக்கொள்வான்.

மாணவர் பொருட்டு ஒரு கணக்கு. கருவியில் ஒரு திசைகோள் 090 பாகை எனக் காட்டுகின்றது. அந்நிலையிற் கல விலகல் கிழக்கே 4 பாகை; புவி விலகல் மேற்கே 2 பாகை. கிழக்கு விலகலைக் கூட்டி, மேற்கு விலகலைக் கழிக்க மெய்த் திசைகோள் 092 பாகை. மிகச் சிறிய வேறுபாடுதானே என்று எண்ணற்க. ஒரு பாகை தவறினால், 60 கடல் மைல் சென்றபின் கப்பல் ஏறத்தாழ ஒரு கடல் மைல் விலகியிருக்கும். பழைய அட்டையில் இரண்டு கூறுகள், அஃதாவது இருபத்திரண்டரைப் பாகை, தவறுமாயின் அதே தூரத்தில் விலகல் 23 கடல் மைல். அயர்லாந்துக் கடல் அத்துணை அகன்றதன்று.

கல விலகலை அறிவதற்காகக் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுசென்று, ஒவ்வொரு திசையையும் நோக்குமாறு மெல்ல வட்டமிடச் செய்வர். திசை தெரிந்த கோபுரமொன்றை ஒவ்வொரு நிலையிலும் நோக்கி வேறுபாட்டைக் குறித்து அட்டவணையாக்கி, பீடத்துக்கருகே தொங்கவிடுவர். கருவியிருக்கும் இடத்திலிருந்து அப்பொருள் தெரியாவிட்டால் 'பெலோரஸ்' என்னும் ஊசியற்ற வட்டத்தைக் கையாளுவர். அனிபாலின் மீகாமன் ஒருவன் பெயர் அதற்கு இடப்பட்டதென்பது கதை.

இரும்பின் தொல்லையிலிருந்து முற்றாக விடுபட்ட கருவி இருபதாம் நூற்றாண்டில் வந்தது. நீர்மூழ்கிக் கப்பலொன்றிற் பனிக்கட்டிக்குக் கீழாகவே சென்று வடமுனையை அடையவேண்டுமென்று கனவு கண்டவர் ஹெர்மன் அன்ஷூற்ஸ் என்னும் ஜேர்மானியர். உருக்குக் கூட்டுக்குள் அடைபட்ட கலத்திற் காந்த ஊசி எதற்கு உதவும்? வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை விடாது பற்றி நிற்கும். புவியின் சுழற்சியோடு அதனை இணக்கினால், அச்சு மெய்வடக்கையே தேடிச் சென்று நிலைக்கும். இதனை அடிப்படையாகக் கொண்டு அவர் ஆக்கிய சுழல் திசையறிகருவியை 1908இல் ஜேர்மன் கடற்படை சோதித்தது. 1911இல் அமெரிக்கரான எல்மர் ஸ்பெரி தம் கருவியைப் போர்க்கப்பலில் ஏற்றினார். இருவருக்குமிடையே காப்புரிமை வழக்கு மூண்டபோது, நீதிமன்றத்துக்கு நிபுணராக அழைக்கப்பட்டவர் அல்பேட் ஐன்ஸ்ரைன். அன்ஷூற்ஸ் வடமுனைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் அவர் கருவி அங்கே உதவியிராது. முனைவுக்கு மிக அண்மையில் அதுவுந் திசையிழக்கும்.

சுழல் கருவிக்குப் புவி விலகலுமில்லை, கல விலகலுமில்லை. ஆனால் மின்சாரம் வேண்டும். தொடக்கியபின் நிலைகொள்ளச் சில மணித்தியாலங்கள் செல்லும். இன்று செய்மதிகளின் உதவியாற் கப்பல் நிற்குமிடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் அறியலாம். எம் கையிலுள்ள தொலைபேசியினுள்ளும் காந்தத்தை உணரும் சிறு பொறி உண்டு. அதனைத் திருவலைக்கருகே கொண்டுசென்றால் அதுவும் கிண்ணத்து ஊசியைப் போலவே மயங்கும் என்பதைப் பிள்ளைகள் சோதித்துப் பார்க்கலாம். செய்மதிக் குறிகளும் அசைக்கமுடியாதவை அல்ல. போர் நிகழுங் கடல்களில் அவற்றை வேண்டுமென்றே குழப்புகின்றனர். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. ஆயினும் அதன் விதிகள், மின்சாரத்தை எதிர்பாராது இயங்கும் காந்தத் திசையறிகருவியையோ அதற்கு ஈடான சாதனத்தையோ இன்றும் கப்பல்களில் வேண்டுகின்றன. அதுபோலவே மின்சாரமின்றிச் சுற்றிவரத் திசைகோள் எடுக்கும் வட்டமும் இருத்தல் வேண்டும்.

ஆகவே, நடுக்கடலில் வெளிச்சவீடு ஒன்றுந் தெரியாத இடத்திலும் ஊசியைச் சோதிக்கும் வேலை நடந்துகொண்டேயிருக்கின்றது. அங்கே கோபுரமாக நிற்பது சூரியன். எந்நாளில் எவ்விடத்தில் எப்பாகையிற் சூரியன் உதிக்கும் என்பது அட்டவணையில் உண்டு. பங்குனி மாதத்தில் இரவும் பகலும் சமமான ஒரு நாள் காலை, சூரியன் நேர் கிழக்கே 090 பாகையில் உதிக்கின்றது. காவலிலிருக்கும் அதிகாரி திசைகோள் ஆடியினூடாக அதனை நோக்குகின்றார். அட்டை 094 எனக் காட்டுகின்றது. 'பிழை, மேற்கே 4 பாகை' என்று கருவிக்குரிய குறிப்பேட்டில் எழுதி, நேரத்தையும் கப்பலின் தலைத்திசையையும் அருகே குறித்துக் கையொப்பமிடுகின்றார். அடுத்த காவலுக்கு வருபவர் முதலிற் பார்ப்பது அந்த ஏட்டையே.